கீழ் வரியில் மேவிஸ்

மேவிஸ் ஹோல்ராய்டுக்கு வங்கி என்றாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் பத்தொன்பது வயதில் நடந்த கதையைச் சொல்வாள். கம்பள ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஹெப்பர்லியின் கடைத்தெருவில் இருந்த வங்கிக்குப் போனாளாம். கழுத்துப் பட்டை கட்டிய ஒரு ஆள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கப்பா கூட வரலையாம்மா?" என்று கேட்டானாம். அவள் அப்பா செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. "அவரு இருக்கிற எடத்துலேர்ந்து கெளம்பி வர்றது கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ச் சாரியில் இருந்த சொசைட்டிக்குள் நுழைந்தாள்.

அங்கே யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். "இன்னையிலேர்ந்து நீங்க எங்க மெம்பர்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவள்தான், அதற்குப் பிறகு எழவே இல்லை.

அந்தச் சொசைட்டி ஊர்க்காரர்கள் போடும் பணத்தை வாங்கி ஊர்க்காரர்களுக்கே வீடு வாங்கக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படி வந்ததுதான். அதற்கு முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. பணம் போட்டவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள், அவர்கள்தான் சொந்தக்காரர்கள். ஆலை முதலாளி தன் பண மூட்டையைக் கொண்டுவந்து போட்டாலும் அவருக்கும் ஒரு ஓட்டு, மேவிஸுக்கும் ஒரு ஓட்டு. ஆலைக்குள் மூச்சு விடவே அனுமதி கேட்க வேண்டியிருந்த எங்களுக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் ஐவி. எதிர் வீடு. ஆலையில் ஒரே மேசையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தறியிலிருந்து வரும் கம்பளத்தில் விட்டுப்போன இழைகளை ஊசியால் நிரப்பிக்கொண்டிருந்தோம். என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. அவர் கணக்கு வங்கியில், ஆகவே என் கணக்கும் வங்கியில். அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் மேவிஸ் என்னை விடமாட்டாள்.

"உன் பேங்க்ல நீ யாருடி? கஸ்டமர். மீன் வறுவல் கடை வரிசைல நிக்கிறவளும் கஸ்டமர்தான். நான் எங்க சொசைட்டிக்கு ஓனர்."

"ஓனரம்மா, உங்க கோட்ல ஒரு பொத்தான் தொங்குது. மொதல்ல அதத் தச்சுக்குங்க."

"சிரி, சிரி. சனிக்கெழம காலைல காசு வேணும்னா நீ எங்க போவ? உன் பேங்க்காரன் அன்னைக்குக் கதவத் தொறக்கிறானா?"

திறக்கமாட்டான் என்பது உண்மைதான். வாரநாளிலும் மத்தியானம் மூன்றரைக்கு அடைத்துவிடுவான். ஆலைப் பெண்கள் வெளியே வரும்போது வங்கி இருட்டிக் கிடக்கும். சொசைட்டி சனிக்கிழமை காலையில் திறந்திருக்கும், சந்தைக்குப் போகிற வழியில் எல்லோரும் அங்கே ஏறி இறங்குவார்கள்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் மெதடிஸ்ட் சபைக் கூடத்தில் சொசைட்டியின் ஆண்டுக் கூட்டம் நடக்கும். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் தேநீரும் கொடுப்பார்கள். பாதிப் பேர் ரொட்டிக்காக வருவார்கள். மேவிஸ் கருநீலத் தொப்பி போட்டுக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, கணக்கு வாசிப்பதை முழுதாகக் கேட்டு, கை தூக்கச் சொல்லும்போது தோள் வலிக்கிற அளவுக்கு உயரமாகத் தூக்குவாள். ஒரு வருடம் எழுந்து நின்று கேள்வியே கேட்டாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கவுண்டரில் ஒரே ஒரு பெண்ணைப் போட்டால் எப்படி, நாங்கள் எல்லோரும் மழையில் நிற்பதா என்று கேட்டாள். தலைவர் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் கவுண்டரில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் வாழ்க்கையில் அவள் சொல்லி நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆலையில் மேஸ்திரி சொன்னதுதான் நடந்தது, வீட்டில் நார்மன் சொன்னது நடந்தது. அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றி மட்டும் அவள் வருடக்கணக்காகப் பேசினாள். சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தால், ஏதோ தானே பெற்று வளர்த்த மாதிரி நலம் விசாரிப்பாள்.

நார்மன் அவள் கணவன். பேருந்து டிப்போவில் ஓட்டுநர். குடிக்கமாட்டான், கை ஓங்கமாட்டான், அந்த இரண்டையும் அவனே அடிக்கடி எடுத்துச் சொல்லிக்கொள்வான். தன் பெயர் எங்கே எந்த வரிசையில் வருகிறது என்பதில் மட்டும் அவனுக்குக் குழந்தைத்தனமான அக்கறை உண்டு. புல்தரைப் பந்து விளையாட்டுக் குழுவின் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கோடை முழுக்க விளையாடப் போகாமல் இருந்தவன் அவன்.

எண்பத்தாறாம் வருடம் ஆலை, சம்பளத்தை உறையில் போட்டுக் கையில் கொடுப்பதை நிறுத்தியது. டிப்போவும் நிறுத்தியது. இனிமேல் கணக்கில்தான் போடுவோம், எந்தக் கணக்கு என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சொசைட்டியும் அப்போதுதான் காசோலைப் புத்தகம், அட்டை எல்லாம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. தெருவெங்கும் இதே பேச்சு: வங்கியா, சொசைட்டியா? நான் கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேவிஸ் வீட்டுச் சமையலறையிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"சம்பளம்னா பேங்க்லதான் விழணும்" என்றான் நார்மன். "சொசைட்டிங்கிறது பொம்பளைங்க கிறிஸ்மஸுக்குச் சேத்து வைக்கிற எடம். டிப்போல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்லு. எம் பொண்டாட்டி ஓனரா இருக்கிற எடத்துல போட்டிருக்கேன்னு சொல்லு."

"பேங்க்ல மேனேஜர் இருக்காரு. நின்னு பேசுவாரு."

"இருக்காரு. இன்னும் எங்கப்பாவத் தேடிக்கிட்டு இருக்காரு." அவள் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்தவில்லை. "மூணரைக்குக் கதவ அடைக்கிறான் நார்மன். நீ வண்டிய விட்டுட்டு எறங்க ஆறாகும். ஜன்னல் வழியா மேனேஜரப் பாத்துக் கை ஆட்டிட்டு வருவியா?"

நான் சிரித்துவிட்டேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. என் முன்னால் தோற்பது அவனுக்குக் கசந்தது. கொஞ்ச நேரம் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, உன் சொசைட்டியே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. ஆனா என் பேருதான் மொதல்ல."

"தாராளமா. எங்க வேணாப் போட்டுக்கோ. வெறும் மைதானே."

இதில் தப்பு என்ன இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கிறிஸ்துமஸ் அட்டையில், சபைப் பதிவில், கல்யாணப் பத்திரிகையில், எங்கும் ஆண் பெயர் முதலில், பெண் பெயர் பின்னால். என் கணக்கிலும் அப்படித்தான். மேவிஸ் அன்றைக்கு ஜெயித்த மாதிரிதான் முகத்தை வைத்திருந்தாள். வாசல் வரை என்னோடு வந்து, "பாத்தியா, எப்படி மடக்கினேன்?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் சொசைட்டிக்குப் போனார்கள். கவுண்டரில் மிஸ்டர் ஃபர்த். எல்லாப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் வட்டி கொஞ்சம் கூடுதல் என்றார். எதற்கு இரண்டு புத்தகம் என்று மேவிஸ் தன் பழைய நீலப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதன் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திருப்பிக் கொடுத்தார், கணக்கு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். புதுக் கணக்கில் மேல் வரியில் நார்மன், கீழ் வரியில் மேவிஸ்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஏப்ரலிலும் தொப்பி, இரண்டாவது வரிசை, கை தூக்கல் எல்லாம் வழக்கம்போல நடந்தது. வாசலில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. எல்லோரும் தெரிந்த முகம்.

பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றோம், என் கணவர் போய்ச் சேர்ந்தார். அப்போதுதான் சொசைட்டி தன்னை வங்கியாக மாற்றிக்கொள்ளப் போகிறது என்று செய்தி வந்தது. நாடு முழுக்கச் சொசைட்டிகள் அப்படி மாறிக்கொண்டிருந்த காலம். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுச் சரி என்றால், ஒவ்வொரு உறுப்பினருக்கும் புது வங்கியின் பங்குகள் சும்மா கிடைக்கும். அவற்றை விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம்.

ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. ரொட்டிக் கடையில், முடி வெட்டும் இடத்தில், சபை வாசலில் எல்லாம் பங்குப் பேச்சு. ஹெப்பர்லி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட லண்டனிலிருந்து தபால் மூலம் கணக்கு திறந்து உறுப்பினரானார்கள். மேவிஸ் மட்டும் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். நான் துணைக்குப் போனேன், குடை பிடிக்க.

"பேங்க் ஆயிட்டா அது நம்மளோடது இல்ல, பாத்துக்க" என்பாள். "சனிக்கெழமைய மொதல்ல எடுப்பான். அப்புறம் ஆள எடுப்பான். அப்புறம் கட்டடத்தையே எடுத்துடுவான். கேக்கிறதுக்கு நமக்கு ஒரு கூட்டம் கூட இருக்காது."

"நீ சொல்றது சரிதான் கண்ணு" என்பார்கள். "ஆனா பாரு, எங்க பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் பேந்துபோச்சு." கதவை மரியாதையாகச் சாத்துவார்கள். யாரும் அவளோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் தபாலில் ஓட்டுச் சீட்டு வந்தது. "தபால்ல ஓட்டுப் போடுறது சோம்பேறிங்க வேல" என்றாள் என்னிடம். "நான் நேர்ல போய்க் கையத் தூக்கப் போறேன். அந்த உறையக் குப்பைல போடுன்னு நார்மன்கிட்ட சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னான்."

உறையின் மேல் யார் பெயர் இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாமே நார்மன் பெயரில்தானே வரும், அதைப் போய் யார் பார்ப்பார்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு அவள் தயார் செய்தாள். பேருந்து நிறுத்தத்தில் என்னை நிற்க வைத்துச் சொல்லிக் காட்டுவாள். அப்பாவைக் கேட்ட வங்கி, அப்பாவைக் கேட்காத சொசைட்டி, மழையில் நின்ற சனிக்கிழமைகள், இரண்டாவது பெண். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் நான்கு பத்தி சேர்த்துவிடுவாள்.

அந்த வருடக் கூட்டம் சபைக் கூடத்தில் கொள்ளாது என்று நகர மண்டபத்தில் வைத்தார்கள். வாசலில் நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் பட்டியலோடு ஒரு பெண். முதல் முறையாகப் பெயர் கேட்டு உள்ளே விட்டார்கள். எங்களுக்கு முன்னால் முதுகுப் பையோடு ஒரு பையன் நின்றான், காலை ரயிலில் லண்டனிலிருந்து வந்தவனாம். மண்டபத்தில் கழிவறை எங்கே என்று கேட்டான். அவனுக்கு வெள்ளை அட்டை ஒன்று கொடுத்தார்கள், ஓட்டுப் போடுகிறவர்களுக்கு உள்ள அட்டை.

மேவிஸ் முறை வந்தது. அந்தப் பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள்.

"ஹோல்ராய்ட்... நார்மன் ஹோல்ராய்ட். அவரு ஓட்டு தபால்லயே வந்துடுச்சேம்மா."

"வந்துடுச்சா?" என்றாள் மேவிஸ். "சரி, அவரோடது கெடக்கட்டும் கண்ணு. என்னோடத எடு."

"இந்தக் கணக்குக்கு ஒரு ஓட்டுதாம்மா. மொதல்ல யாரு பேரு இருக்கோ அவங்கதான் மெம்பர். நீங்க ரெண்டாவது பேரு."

"நான் பத்தொம்போது வயசுலேர்ந்து மெம்பரும்மா. நீ பொறக்கவே இல்ல அப்ப."

பின்னால் வரிசை முனக ஆரம்பித்தது. அந்தப் பெண் எழுந்து போய் மிஸ்டர் ஃபர்த்தைக் கூட்டி வந்தாள். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மேவிஸைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது, பாவம், அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"மேவிஸ், அந்தப் பழைய புத்தகத்த நீங்க மூடிட்டீங்களே."

"நீங்கதான கத்தரிச்சீங்க."

"ஆமா."

"அப்ப சொல்லலையே."

"நீங்க கேக்கலையே, மேவிஸ். எல்லாருமே அப்படித்தான் பேரு போடுறாங்க. யாருக்குச் சொல்றது?"

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இத்தன வருஷமா நான் தூக்கின கை?"

"அதெல்லாம் யாரும் எண்ணினதில்லம்மா" என்றார் அவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "எப்பவும் எல்லாரும் ஒண்ணாத்தான தூக்குவாங்க."

வேறு வழியில்லாமல் அவளுக்குப் பச்சை அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் விருந்தினர் என்று அச்சடித்திருந்தது. மேல்மாடத்தில் உட்காரலாம், கூட்டத்தைப் பார்க்கலாம். "நீங்களும் அம்மாகூட வந்தவங்களா?" என்று என்னைக் கேட்டாள் அந்தப் பெண். நான் எதிர்ச் சாரியில் இருக்கிற வங்கியின் ஆள் என்றேன். எனக்கும் அதே பச்சை அட்டையைக் கொடுத்தாள்.

படி ஏறும்போது மேவிஸ் என் அட்டையையும் தன் அட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத எனக்கும், அதைத் தன் வீடு மாதிரி நினைத்தவளுக்கும் ஒரே சீட்டு.

கீழே தலைவர் பேசினார். படம் போட்டுக் காட்டினார். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டபோது மேவிஸ் எழுந்தே விட்டாள். வழிகாட்ட நின்ற ஒரு பையன் குனிந்து, "விருந்தினர் பேசக் கூடாதும்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான். உட்கார்ந்தாள். மறுத்துப் பேச வேறு ஒருவர்தான் எழுந்தார், ஓய்வு பெற்ற ஆசிரியர், ஏதோ புள்ளிவிவரம் சொன்னார், கூட்டம் இருமிக்கொண்டிருந்தது. பிறகு ஆதரிக்கிறவர்கள் அட்டையைத் தூக்கினார்கள், மண்டபம் முழுக்க வெள்ளை. எதிர்க்கிறவர்கள் என்று கேட்டபோது என் பக்கத்தில் அவள் கை தானாக எழும்பியது. தோள் உயரம் வந்ததும் அதைத் தொப்பிக்குக் கொண்டுபோய், சரியாகத்தான் இருந்த தொப்பியைச் சரி செய்தாள்.

வீட்டுக்குப் போனபோது நார்மன் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தையும் பட்டாணியையும் தின்றுகொண்டிருந்தான். நானும் கூடவே உள்ளே போனேன். அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கவும் வேண்டியிருந்தது.

"உறையக் குப்பைல போடச் சொன்னேனே" என்றாள்.

"சொன்ன."

"போட்டேன்னியே."

"சரின்னுதான் சொன்னேன். போட்டேன்னு சொல்லல." மென்று விழுங்கினான். "என் பேரு போட்டு வந்த கடிதாசிம்மா அது. எனக்கு வந்தத நான் என்ன வேணாப் பண்ணுவேன்."

"என்ன போட்ட?"

"சரின்னு போட்டேன். ஊரே போடுது. சும்மா வர்ற காச வேண்டாம்பாங்களா?"

"அது என் ஓட்டு நார்மன்."

"அது எப்படி உன் ஓட்டாகும்? என் பேருதான மொதல்ல இருக்கு. நீதான் எங்க வேணாப் போட்டுக்கன்னு சொன்ன. ஐவிகூட இருந்தாளே, கேளு."

என்னைப் பார்த்தான். சாட்சி வேண்டுமாம் அவனுக்கு. "ஆமா, சொன்னா" என்றேன். "உனக்கு வெக்கம் இருக்கும்னு நெனச்சுச் சொன்னா." அவன் பட்டாணியைத் துழாவிக்கொண்டிருந்தான். மேவிஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

அதோடு முடிந்தது என்று அவன் நினைத்தான். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பங்குகள் அவன் பெயருக்கு வந்தன, விற்றான். அந்தக் காசில் வீட்டுப் பின்புறம் ஒரு கண்ணாடி அறை கட்டினான். பிரம்பு நாற்காலிகள் போட்டு, மழை பெய்தாலும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். மேவிஸ் அந்த அறையில் ஒரு நாளும் உட்காரவில்லை. கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். படுக்கை விரிப்பு, அவன் நீளக் கால்சட்டை, சமையல் துண்டு, எதுவானாலும் அங்கேதான். யாராவது தெரிந்தவர்கள் வந்தால் ஈரத் துணிக்கு நடுவில் குனிந்து குனிந்துதான் அவன் நாற்காலிக்குப் போக முடியும். சாகிற வரை அவன் அந்த அறையில் ஈரச் சட்டைகளோடுதான் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி, அதை நான் மறைக்கப்போவதில்லை.

மேவிஸ் வீடு வீடாகச் சொன்னது ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது. புது வங்கி முதலில் சனிக்கிழமையை எடுத்தது. பிறகு கவுண்டரில் ஒரு ஆளைக் குறைத்தது, சுவரில் ஒரு இயந்திரத்தைப் பதித்தது. பங்குக் காசில் டைல்ஸ் போட்டுக்கொண்டவர்கள் என்னிடம் வந்து, "மேவிஸ் அப்பவே சொன்னாங்கல்ல" என்பார்கள். அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்பேன். யாரும் போகமாட்டார்கள்.

நார்மன் பந்து விளையாடும் புல்தரையிலேயே மாரடைப்பில் போனான். காரியம் எல்லாம் முடிந்து மேவிஸ் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றப் போனாள், நானும் போனேன். பழைய கவுண்டர் இருந்த இடத்தில் மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இளம்பெண் ஒருத்தி மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். கணினியில் தட்டினாள்.

"முடிஞ்சுதும்மா. இப்ப உங்க பேரு மேல வந்துடுச்சு. நீங்கதான் மொதல் பேரு."

"அப்ப எனக்கு ஓட்டு உண்டா?"

"என்னம்மா?"

"ஓட்டு. இங்க எதுக்காவது நான் ஓட்டுப் போடலாமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வயதானவர்களுக்கு வரும் குழப்பம் என்று நினைத்திருப்பாள். "ஓட்டு எல்லாம் இங்க இல்லம்மா" என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "வேற ஏதாவது பண்ணித் தரவா?"

"வேணாம் கண்ணு" என்றாள் மேவிஸ்.

அவர்கள் மகள் லினெட் லீட்ஸில் இருக்கிறாள். அப்பாவுக்குக் கல்லறைக் கல் எல்லாம் அவள்தான் ஏற்பாடு செய்தாள். கல் வைத்த பிறகு நானும் மேவிஸும் பார்க்கப் போனோம். நார்மன் பெயர் மேலே பெரிதாக வெட்டியிருந்தது. அதற்குக் கீழே கல்லில் பாதி வெறுமையாக விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லாக் கல்லிலும் அப்படித்தான் விடுவார்கள், பின்னால் வருகிறவருக்காக.

அவள் அந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தாள். "அங்க நான் வரமாட்டேன் ஐவி."

"வேற எங்க போறதா உத்தேசம்? டெனரிஃப் தீவுக்கா, வெயில் காயவா?"

"எங்கம்மா பக்கத்துல, சபைக் கல்லறைத் தோட்டத்துல. சின்னக் கல்லு போதும். என் பேரு மட்டும் போடணும், மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. கீழ் வரில ஒரு தடவ இருந்தது போதும்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "லினெட்டுகிட்ட சொல்லிட்டேன். நீயும் ஞாபகப்படுத்துவியா?"

ஞாபகப்படுத்துவேன் என்றேன்.

மூன்று குளிர்காலம் கழித்து மேவிஸ் போனாள். அடக்கத்துக்கு வந்த லினெட்டை நான் சமையலறையில் ஓரமாக நிறுத்தி அம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் கண் வீங்கியிருந்தது, நல்ல பெண்தான், அம்மா மேல் உயிரையே வைத்திருந்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாங்க, ஐவி ஆன்ட்டி. வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"வெளையாட்டு இல்லம்மா. கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா."

"ஆனா அந்த எடத்துக்கு அப்பா போனப்பவே பணம் கட்டியாச்சே. கல்லும் இருக்கு. அத வெறுமையா விட்டுட்டு வேற எடத்துல இன்னொரு கல்லு வெச்சா ஊரு என்ன நெனைக்கும்? ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டைன்னு நெனைக்காதா?"

"நெனைக்கட்டுமே. சண்டைதான்."

அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அந்த வங்கிப் பெண் பார்த்த அதே பார்வை. எனக்கு அதற்கு மேல் பேச உரிமை ஏது? நான் எதிர் வீடு, பச்சை அட்டை.

வசந்தத்தில் மழை விட்ட ஒரு நாள் போய்ப் பார்த்தேன். நார்மன் பெயருக்குக் கீழே புதிதாக வெட்டியிருந்தார்கள். 'மேலும், மேவிஸ். மேற்படியாரின் மனைவி.' அவ்வளவுதான். எழுத்தும் நார்மனுடையதைவிடச் சின்னது.

மஞ்சள் பூ பூத்த தொட்டி ஒன்று வாங்கிப் போயிருந்தேன், அவளுக்குப் பிடிக்கும் என்று. கல்லின் அடியில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். பூ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மறைத்தது கீழ் வரியை. மேலே நார்மன் மட்டும் பளிச்சென்று தெரிந்தான். இந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன், அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் மறைந்தது அவள் பெயர்தான். தொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.